ஓடையிலிருந்து தொடங்குங்கள்: மோட்லாரொய்ட் என்னும் ஜெர்மானியச் சிற்றூரைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முறை

மோட்லாரொய்ட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மதிலைப் பார்க்கத்தான் போகிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள், வெள்ளையடித்த கான்கிரீட் மதிலின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள், காவல் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல் முறை அப்படித்தான் திரும்பினேன். அந்த மதில் நின்றது 24 ஆண்டுகள் மட்டுமே என்பதும், அது எந்தக் கோட்டுக்காக எழுப்பப்பட்டதோ அந்தக் கோட்டுக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது உண்டு என்பதும், அந்தக் கோடு இன்றும் அழியவில்லை என்பதும் பிறகுதான் எனக்கு விளங்கின. ஜெர்மனியில் படிப்புக்காகவோ வேலைக்காகவோ தங்கியிருந்து, பெரிய நகரங்களைப் பார்த்து முடித்துவிட்டு, ஒரு சிற்றூரையாவது ஆழமாக அறிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக, எதை முதலில் பார்ப்பது, எதைப் பின்னால் பார்ப்பது என்ற வரிசையை இங்கே எழுதுகிறேன். இந்த ஊரைப் பொறுத்தவரை வரிசை முக்கியம். மதிலை முதலில் பார்த்துவிட்டால் மற்ற எதுவும் கண்ணில் படாது.

ஊரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவேரியா மாநிலமும் தூரிங்கியா மாநிலமும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில், ஹோஃப் நகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் மோட்லாரொய்ட் இருக்கிறது. ஊரில் ஐம்பது பேர்கூட இருப்பது அரிது. ஊரின் நடுவே டான்பாக் என்ற ஓடை போகிறது. ஓடைக்குத் தெற்கே இருக்கும் வீடுகள் பவேரியாவையும் வடக்கே இருப்பவை தூரிங்கியாவையும் சேர்ந்தவை. 1949 முதல் 1990 வரை தெற்குப் பாதி மேற்கு ஜெர்மனியாகவும் வடக்குப் பாதி கிழக்கு ஜெர்மனியாகவும் இருந்தன. இரண்டுக்கும் நடுவே கிழக்கு ஜெர்மனி அரசு எழுப்பியதுதான் அந்த மதில். அமெரிக்கப் படைவீரர்கள் இந்த ஊரைக் 'குட்டி பெர்லின்' என்று அழைத்தார்கள்.

புறப்படும் முன்: வரைபடத்தோடு ஒரு மாலை

பயணத்துக்கு முந்தைய நாள் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கி மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள்.

ஊரின் பெயரைப் படிப்பது முதலாவது. ஜெர்மானிய ஊர்ப்பெயர்களின் ஈற்றுப்பகுதி பெரும்பாலும் ஊர் உண்டான கதையைச் சொல்லிவிடும். 'ரொய்ட்' என்று முடியும் பெயர்கள் காட்டை வெட்டித் திருத்திய இடத்தைக் குறிக்கின்றன. பைரொய்ட் என்ற புகழ்பெற்ற நகரத்தின் பெயரிலும் இதே ஈறு இருக்கிறது. இந்த வட்டாரத்தில் 'குரூன்' என்று முடியும் ஊர்களும் நிறைய உண்டு. அவையும் காட்டழித்து உருவான குடியிருப்புகளே. வரைபடத்தில் ஹோஃப் நகரைச் சுற்றி இந்த இரண்டு ஈறுகளையும் தேடிப் பாருங்கள். இன்று வயலாகத் தெரியும் இந்த மேட்டுநிலம் இடைக்காலத்தில் எவ்வளவு அடர்ந்த காடாக இருந்திருக்கும் என்பது அந்தப் பெயர்களிலிருந்தே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பவேரிய அரசு நடத்தும் பயர்ன் அட்லஸ் என்ற இணைய வரைபடத்தைத் திறந்து, பழைய வரைபடங்களைக் காட்டும் பகுதிக்குப் போவது. 1808-க்கும் 1864-க்கும் இடையில் பவேரியா முழுவதையும் 1:5000 அளவில் அளந்து வரைந்த தாள்கள் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வீடும் கொட்டிலும் குளமும் தெரியும் அளவுக்கு நுணுக்கமான வரைபடம் அது. நிலவரி விதிப்பதற்காக எடுத்த அளவை என்பதால், அரசின் எல்லைக்கு அப்பால் இருந்ததைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டிருப்பார்கள். ஒரே ஊரின் பாதி மட்டும் வரையப்பட்டு மறுபாதி ஏன் விடுபட்டது என்று கேட்டுக்கொண்டே போனால், மறுநாள் ஓடைக்கரையில் அதற்கு விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது, செயற்கைக்கோள் படத்தில் வயல்களைப் பார்ப்பது. பழைய எல்லைக்கோட்டின் இருபுறமும் வயல்களின் அளவு வேறுபடுவதைக் கவனியுங்கள். கிழக்கு ஜெர்மனியில் உழவர்களின் நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளாக இணைக்கப்பட்டன; 1960-ஆம் ஆண்டின் வசந்தகாலத்துக்குள் அந்த வேலை ஏறக்குறைய முழுமையாக முடிந்தது. வரப்புகளும் வேலிப்புதர்களும் நீக்கப்பட்டு வயல்கள் பெருந்துண்டுகளாயின. மேற்கே குடும்பங்கள் தங்கள் நிலத்தைத் தாங்களே உழுதுவந்ததால் துண்டுகள் சிறியவையாகவே இருந்தன. எல்லை திறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், இரண்டு ஆட்சிமுறைகளின் தடம் வானத்திலிருந்து பார்த்தால் இன்னும் தெரிகிறது என்பதை நான் முதலில் நம்பவில்லை. பழைய எல்லையை ஒட்டி மரமும் புதருமாக ஒரு பட்டை நெளிந்து போவதையும் அதே படத்தில் பார்க்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போய்ச் சேரும் வழி

ரயிலில் வருபவர்கள் ஹோஃப் நிலையத்தில் இறங்க வேண்டும். நியூரம்பர்க்கிலிருந்து வட்டார ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஜெர்மனி டிக்கெட் என்ற, வட்டார ரயில்களில் செல்லுபடியாகும் மாதச் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும். ஹோஃபிலிருந்து ஊருக்குப் போகும் பேருந்துகள் குறைவு. வார இறுதியில் நம்பிப் போக முடியாது. எனவே முந்தைய நாளே கால அட்டவணையைப் பாருங்கள், இல்லாவிட்டால் மிதிவண்டியோடு வாருங்கள். காரில் வருபவர்கள் 72-ஆம் எண் நெடுஞ்சாலையில் 'ஹோஃப் / டோப்பன்' என்ற வெளிவழியில் இறங்கி, டோப்பன் ஊர் வழியாகப் போகலாம். அந்த வழியாகப் போவதே நல்லது. காரணம் பின்னால் வரும். மதிலையும் காவல் கோபுரத்தையும் காட்டும் ஊர் அருங்காட்சியகத்தின் திறப்பு நேரம் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது என்பதால் அதையும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

உடுப்பு விஷயத்தில் கவனம் தேவை. ஊர் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரமான திறந்த மேட்டுநிலத்தில் இருக்கிறது. காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஹோஃப் வட்டாரத்தைப் 'பவேரியாவின் சைபீரியா' என்று ஜெர்மானியர்களே சொல்வார்கள். ஏப்ரலில் மியூனிக்கில் போட்டுக்கொண்ட மெல்லிய சட்டையோடு இங்கே இறங்கினால் அரைமணி நேரத்தில் காருக்குள் ஓடிவிடத் தோன்றும். வழியில் வீடுகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்: கூரையிலும், சில இடங்களில் காற்று அடிக்கும் பக்கத்துச் சுவரிலும் கருநீலச் செதில்கள் பதித்திருக்கும். அது சிலேட்டுக்கல், பள்ளியில் எழுதப் பயன்பட்ட சிலேட்டுப் பலகையின் அதே வகைக் கல். அருகிலுள்ள தூரிங்கிய மலைப்பகுதியில், குறிப்பாக லேஹெஸ்டன் என்ற ஊரில், நூற்றாண்டுகளாக அதை வெட்டி எடுத்தார்கள். மழையும் பனியும் சாய்வாக வந்து அறையும் ஊரில் சுவருக்கும் கூரை போட்டதுபோல அது காக்கிறது.

முதலில் ஓடை

ஊருக்குள் வந்ததும் மதிலை நோக்கிப் போகாமல் ஓடைக்கரைக்குப் போங்கள். டான்பாக்கைப் பார்த்ததும் வரும் முதல் உணர்ச்சி ஏமாற்றமாகத்தான் இருக்கும். பெரிய ஆற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் முன்னால், ஒரு சிறுவன் ஓடிவந்து தாண்டிவிடக்கூடிய நீர்வரி ஒன்று புல்லுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும். தண்ணீர் சில இடங்களில் கணுக்காலைத்தான் நனைக்கும். இந்த நீர் ஸாலே ஆற்றுக்குப் போய், அங்கிருந்து எல்பே வழியாக வடகடலை அடைகிறது.

கரையில் எல்லைக்கல்லைத் தேடுங்கள். முழங்கால் உயரத்துக் கல். அதன் ஒரு முகத்தில் 'கே.பி.' என்றும் மறுமுகத்தில் 'எஃப்.ஆர்.' என்றும் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். முதலாவது பவேரிய முடியரசைக் குறிக்கும். இரண்டாவது ரொய்ஸ் என்ற சிற்றரசைக் குறிக்கும். குனிந்து விரலால் அந்த எழுத்துகளைத் தடவிப் பாருங்கள். பாசி படிந்து பள்ளம் நிரம்பியிருந்தாலும் வெட்டின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படும். இந்தக் கற்கள் நடப்பட்ட ஆண்டு 1810. அந்த ஆண்டு ஏன் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. ஓடை 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே இரண்டு ஆட்சிப்பகுதிகளுக்கு இடையிலான எல்லையாக இருந்துவந்தது. தென்கரை பைரொய்ட் சிற்றரசின் பகுதியாக இருந்தது. அது 1792-இல் பிரஷ்யாவுக்கும், 1806-இல் நெப்போலியனின் பிரெஞ்சு ஆட்சிக்கும் கைமாறி, 1810-இல் பவேரியாவுக்குப் போய்ச்சேர்ந்தது. புதிதாக வந்த அரசு தன் நிலம் எதுவரை என்பதைக் கல் நட்டுக் காட்டியது. முந்தைய நாள் பார்த்த வரைபடத்தில் ஊரின் பாதி ஏன் விடுபட்டது என்பதற்கு இந்தக் கல்தான் விடை.

முதல் உலகப்போருக்குப் பின் மன்னர்கள் போனார்கள், கோடு போகவில்லை. ரொய்ஸ் பகுதி 1920-இல் மற்றச் சிற்றரசுகளோடு சேர்ந்து தூரிங்கியா மாநிலமாயிற்று. ஓடை இரண்டு மாநிலங்களுக்கு இடையிலான எல்லையாகத் தொடர்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நேசநாடுகள் ஜெர்மனியைப் பங்கிட்டுக்கொள்ளத் திட்டமிட்டபோது, புதிய கோடுகளை வரைவதற்குப் பதிலாக இருந்த நிர்வாக எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். 1945 ஏப்ரலில் இந்தப் பகுதியைப் பிடித்த அமெரிக்கப் படை, ஜூலை தொடக்கத்தில் தூரிங்கியாவைச் சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டு விலகியது. ஊரார் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்வந்த ஓடை, உலகின் இரண்டு வல்லரசு அணிகளுக்கு இடையிலான கோடாக மாறியது இப்படித்தான். இந்த ஊரை வைத்து யாரும் எதையும் திட்டமிடவில்லை. பழைய எழுத்து வேலை ஒன்று மேலே வந்து விழுந்தது. எனக்கு இந்த ஊரின் வரலாற்றில் மனத்தை அதிகம் கனக்கச் செய்வது இதுவே.

கோவிலுக்கும் பள்ளிக்கும் போன பாதைகள்

ஓடையைப் பார்த்த பிறகு, ஊரார் தினமும் எந்தெந்தத் திசையில் நடந்தார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கூடமும் மதுவிடுதியும் தூரிங்கியப் பக்கம் இருந்தன. தேவாலயம் ஊரில் கிடையாது; ஞாயிற்றுக்கிழமை இரு கரையாரும் பவேரியப் பக்கத்து டோப்பனுக்கு நடந்துபோனார்கள். பவேரியா என்றாலே கத்தோலிக்கம் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் பைரொய்ட் சிற்றரசு 1528-ஆம் ஆண்டளவிலேயே மார்ட்டின் லூத்தரின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு அது கத்தோலிக்கப் பவேரியாவோடு சேர்ந்தபோதும் மக்கள் சீர்திருத்தச் சபையிலேயே இருந்தார்கள். ரொய்ஸ் பக்கமும் அதே சபை. எனவே மன்னர் வேறானாலும் மணியோசை ஒன்றாக இருந்தது.

இதை ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது. நடுவில் ஓடை, வடக்கே பள்ளியும் விடுதியும், தெற்கே டோப்பனுக்குப் போகும் பாதை. தென்கரைப் பிள்ளைகள் பாடம் படிக்க வடக்கே தாண்டினார்கள்; வடகரைக் குடும்பங்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் தெற்கே தாண்டின. மாலையில் பீர் குடிக்க எல்லாரும் வடக்கே போனார்கள். எல்லை என்ற சொல்லுக்கு இங்கே வரி கட்டும் அலுவலகம் எது என்பதைத் தவிர வேறு பொருள் பெரிதாக இல்லை. இந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதிலின் முன் போய் நின்றால்தான், மதில் எந்தெந்தப் பாதைகளை அறுத்தது என்பது தெரியும்.

இப்போது மதில்

அறுப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. திறந்தவெளி அருங்காட்சியகத்தில் அந்தப் படிகளை வரிசையாகவே பாருங்கள். 1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை மூடும் ஆணையைப் பிறப்பித்தது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது, கால்தடம் பதிந்தால் தெரியும்படி வெறுமையாக வைத்தார்கள். அதற்குப் பின்னால் 500 மீட்டர் காப்புப்பட்டை; அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடைமண்டலம். வடகரை மோட்லாரொய்ட் முழுவதும் அந்த 500 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. அங்கே குடியிருக்க அடையாளச் சீட்டில் முத்திரை வேண்டும். உறவினர் வந்துபோக அனுமதிச் சீட்டு வேண்டும். தொடக்கத்தில் சூரியன் உதிப்பதிலிருந்து மறைவதுவரைதான் வெளியே நடமாடலாம். அதே ஆண்டு ஜூன் மாதம், நம்பத்தகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களை எல்லைப்பகுதி நெடுகிலும் வீட்டைவிட்டு வெளியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரு நடவடிக்கையில் 8,000-க்கும் மேற்பட்டோர் ஊரை இழந்தார்கள். 1961-இல் நடந்த அடுத்த நடவடிக்கையில் சுமார் 3,000 பேர். மோட்லாரொய்ட் குடும்பங்களும் இதில் சிக்கின.

ஊருக்குள் முதலில் ஆள் உயரத்துக்கு மேல் பலகை வேலி வந்தது, பிறகு முள்கம்பி வந்தது, 1966-இல் கான்கிரீட் மதில் வந்தது. 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரம். அதில் ஏறக்குறைய 100 மீட்டர் இன்று பழைய இடத்திலேயே நிற்கிறது. மதிலைப் பார்க்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: எல்லைக்கோட்டின்மேல் மதில் இல்லை, அது ஓடையிலிருந்து சற்று உள்தள்ளி வடகரையில் நின்றது. மதிலுக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்த புல்தரையும் கிழக்கு ஜெர்மனியின் நிலமே. எனவே மேற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தடை எதுவும் இல்லை என்று நினைத்து ஓடையைத் தாண்டிக் கால் வைத்தால் அது எல்லை மீறல். 'ஓடையின் நடுவே எல்லை' என்று மேற்கத்தியக் காவலர்கள் அறிவிப்புப் பலகை நட்டதற்குக் காரணம் இதுதான். பவேரியாவின் வெள்ளை நீலக் கம்பத்தையும், கிழக்கு ஜெர்மனியின் கறுப்பு, சிவப்பு, பொன்நிறத் தூணையும் பார்த்தபின், அவற்றுக்கு இடையே போகும் நீரை மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மதில் கண்ணையும் கையையும்கூடக் கட்டியது. மேற்கே இருப்பவர்கள் கையசைக்கலாம், கூப்பிடலாம். வடகரையார் பதிலுக்குக் கையசைப்பதும் வணக்கம் சொல்வதும் தடைசெய்யப்பட்டிருந்தன. நாற்பது மீட்டர் தொலைவில் அண்ணனோ அத்தையோ வாசலில் நிற்பது தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டிய நிலை அது. 1973 மே மாதம் ஒருவர் ஏணி வைத்து மதிலைத் தாண்டி மேற்கே தப்பினார். 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் தென்கரைக்கு வந்து மதிலைப் பார்த்தார். அமெரிக்க அதிபர் கென்னடி 1963-இல் பெர்லினில் 'நான் ஒரு பெர்லின்காரன்' என்று சொன்னதைப் போல, தானும் ஒரு மோட்லாரொய்ட்காரன் என்று ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

பெர்லின் மதில் 1989 நவம்பர் 9 அன்று திறந்தபோது இங்கே எதுவும் திறக்கவில்லை. ஊரார் இன்னும் ஒரு மாதம் காத்திருந்தார்கள். டிசம்பர் 9 அன்றுதான் மதிலில் நடந்துபோகும் வழி ஒன்று திறக்கப்பட்டது. 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து மதிலின் பெரும்பகுதியை இடித்தது. ஒரு பகுதியையாவது விட்டுவைக்க வேண்டும் என்று அந்த நேரத்திலேயே சிலர் முனைந்ததால்தான் இன்று நாம் பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறது. நாற்பது ஆண்டு வலியைக் கண்ணெதிரே நிறுத்திவைக்கச் சம்மதித்த ஊராரை நான் மிகவும் மதிக்கிறேன்.

மோட்லாரொய்ட்டில் வழி திறந்த அதே டிசம்பர் 9 அன்று, ஹோஃப் நகரில் இரு ஜெர்மனிகளின் இயற்கை ஆர்வலர்கள் ஏறக்குறைய 400 பேர் கூடி, எல்லை நெடுகிலும் மனிதர் நுழையாததால் தழைத்திருந்த காட்டுப்பட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். பசுமைப் பட்டை என்று இன்று அழைக்கப்படும், ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளமுள்ள பாதுகாப்புப் பகுதிக்கு அதுவே தொடக்கம். செயற்கைக்கோள் படத்தில் கண்ட புதர்ப்பட்டை அதுதான். நேரம் இருந்தால் அதில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். ரோந்து வண்டிகளுக்காகப் போட்ட பாதை பல இடங்களில் அப்படியே இருக்கிறது: வரிசை வரிசையாக ஓட்டைகள் உள்ள கான்கிரீட் பலகைகள், ஓட்டைகளில் புல், மழை பெய்திருந்தால் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு துண்டு வானம். குதிகாலோ மிதிவண்டிச் சக்கரமோ அந்த ஓட்டையில் இறங்கினால் காயம் நிச்சயம். கெட்டியான காலணி இல்லாமல் நடக்காதீர்கள். கண்ணிவெடிகளை 1990-களில் தேடி அகற்றிவிட்டார்கள் என்றாலும், பழைய எல்லையில் எங்காவது எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் பாதையைவிட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது.

இன்றைய ஊர்: எல்லைக்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது

மதில் போய்விட்டது, 1810-இல் கல் நட்டுக் காட்டிய கோடு இன்னும் இருக்கிறது. தென்கரை, ஹோஃப் மாவட்டத்தின் டோப்பன் ஊராட்சிக்கு உட்பட்டது. வடகரை, ஸாலே-ஓர்லா மாவட்டத்தின் கெஃபெல் நகராட்சிக்கு உட்பட்டது. எனவே ஐம்பது பேருக்கு இரண்டு மேயர்கள், இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள். அஞ்சல் குறியீடு தெற்கே 95183, வடக்கே 07926. தொலைபேசியின் இடக்குறியீடு தெற்கே 09295, வடக்கே 036649. வீட்டுத் தொலைபேசியிலிருந்து ஓடைக்கு அப்பால் இருப்பவரை அழைக்க வெளியூருக்கு அழைப்பதுபோல முழு எண்ணையும் சுழற்ற வேண்டும். வாகன எண்பலகையில் தென்கரையாருக்கு 'எச்.ஓ.', வடகரையாருக்கு 'எஸ்.ஓ.கே.' என்பது வழக்கமான தொடக்கம். வாசலில் நிற்கும் வண்டிகளை வைத்தே நீங்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்று ஊகிக்கப் பாருங்கள்.

நாட்காட்டியும் இரண்டு. ஜனவரி 6 மூவரசர் திருநாள், கிறிஸ்துவின் திருவுடல் திருநாள், நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாள் ஆகியவற்றுக்குப் பவேரியா முழுவதும் விடுமுறை. ஓடைக்கு அப்பால் வேலைநாள். அக்டோபர் 31 சீர்திருத்த நாளும், 2019 முதல் செப்டம்பர் 20 உலகக் குழந்தைகள் நாளும் தூரிங்கியாவில் விடுமுறை; பவேரியாவில் வேலைநாள். சீர்திருத்தச் சபையினரான தென்கரையார் கத்தோலிக்கத் திருநாள்களுக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு, தங்கள் சபையின் சொந்த நாளில் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் சேர்ந்து வருவதில்லை. பவேரியாவில் அது எப்போதும் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும், தூரிங்கியாவில் ஆண்டுதோறும் தேதி மாறும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாட எத்தனை வாரம் கிடைக்கிறது என்பதை இரண்டு மாநிலங்களின் கல்வித்துறைகள் முடிவுசெய்கின்றன.

வணக்கம் சொல்வதிலும் கரை தெரியும். தெற்கே 'குரூஸ் காட்' என்பார்கள். வடக்கே 'கூட்டன் டாக்' என்பார்கள். எதிரில் வருபவருக்கு வணக்கம் சொல்லாமல் போவது ஜெர்மானியச் சிற்றூர்களில் மரியாதைக் குறைவு. நகரத்துப் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய்விடாதீர்கள். பெரியவர்களிடம் 'ஸீ' என்ற மரியாதைச் சொல்லையே பயன்படுத்துங்கள். அவர்களாகச் சொல்லும்வரை, 'நீ' என்று பொருள்படும் 'டூ'வுக்கு இறங்க வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மதில் நின்ற காலத்தில் பேருந்து பேருந்தாக ஆட்கள் தென்கரைக்கு வந்து வடகரை வீடுகளைத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். மறுபக்கம் காவல் கோபுரத்திலிருந்து வேறொரு தொலைநோக்கி பார்த்தது. துணி உலர்த்துவதையும் மாட்டுக்குத் தீனி வைப்பதையும்கூட யாரோ பார்த்துக்கொண்டே இருந்த ஊர் இது. ஆகவே வீட்டு ஜன்னலையும் முற்றத்தையும் நோக்கிக் கேமராவை நீட்டாதீர்கள். படம் எடுக்கத் தோன்றினால் கேட்டுவிட்டு எடுங்கள். ட்ரோன் பறக்கவிடவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் நண்பகலும் அமைதிக்குரிய நேரங்கள். பெரிய குழுவாகப் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். யாராவது தாமாகப் பேச்சுக் கொடுத்தால், மதிலைப் பற்றிய கேள்வியோடு தொடங்காமல், இந்த ஆண்டு மழை எப்படி, பயிர் எப்படி என்று தொடங்குங்கள். மதிலைப் பற்றி அவர்களிடம் ஆயிரம் பேர் கேட்டாகிவிட்டது.

உணவைப் பற்றிச் சில வரிகள். இரு கரைக்கும் பொதுவான உணவு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, 'குளோஸ்' என்பார்கள். துருவிய பச்சைக் கிழங்கைப் பிழிந்து, வேகவைத்த கிழங்கோடு பிசைந்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டு வைத்து உருட்டி, கொதிநீரில் வேகவைப்பது தூரிங்கிய முறை. ஹோஃபுக்குத் தென்கிழக்கே உள்ள பில்கிராம்ஸ்ரொய்ட் என்ற சிற்றூரில் 1647-இலேயே உருளைக்கிழங்கை வயலில் பயிரிட்டார்கள். ஜெர்மனியில் இது மிகப் பழமையான பதிவுகளில் ஒன்று. கொழுக்கட்டையில் இறைச்சி இல்லை என்றாலும் மேலே ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறுதான். சைவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் கடைத்தெரு கிடையாது என்பதால், தண்ணீரும் சாப்பாடும் ஹோஃபிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அசைவர்கள் ஹோஃப் கடைவீதியில் பித்தளைப் பாத்திரத்தோடு நிற்கும் தொத்திறைச்சிக்காரரைத் தேடலாம்; பாத்திரத்தின் அடியில் கரி கனன்றுகொண்டிருக்கும், மூடியைத் திறந்ததும் ஆவி அவர் முகத்தை மறைக்கும். 'வேர்ஷ்ட்லாமோ' என்று ஊர்ப்பேச்சில் அவருக்குப் பெயர்.

திரும்பும் வழியில் டோப்பன்

கடைசியாக, டோப்பன் வழியாகத் திரும்புங்கள். கால்வலு இருப்பவர்கள் அந்தச் சில கிலோமீட்டரை நடந்தே போகலாம். இரு கரையாரும் ஞாயிறுதோறும் நடந்த திசை அது. தேவாலயத்தைச் சேர்ந்ததும் கல்லறைத் தோட்டத்தில் பழைய மோட்லாரொய்ட் குடும்பங்களின் பெயர்களைத் தேடத் தோன்றும். ஆனால் ஜெர்மனியில் கல்லறை நிலம் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுக் குத்தகைக்குத்தான் கிடைக்கும். புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். ஆகவே பழைய பெயர்களைக் கல்லறைகளில் தேடுவதைவிட, இந்த நாட்டின் ஊர்களில் வழக்கமாகக் காணப்படும் போர் நினைவுக் கல்லில் தேடுவது பயன் தரும். இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்கள் சபையின் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டும். பல சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் ஆர்ஷியோன் என்ற கட்டண இணையதளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. பழைய கூரிய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கப் பழகச் சில வாரங்கள் ஆகும். இத்தகைய ஏடுகளைப் புரட்டும்போது பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஊரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். மோட்லாரொய்ட் என்று இருக்கும் இடங்களில், எந்தக் கரை என்று எழுத்தர் தனியாகக் குறித்திருக்கிறாரா, எந்த ஆண்டிலிருந்து குறிக்கத் தொடங்கினார் என்பதையும் பாருங்கள்.